ஃபார்மட் பண்ணிடலாம் என்பவர்களுக்கு ஒரு கும்பிடு

மக்களே, இது ஒரு கோபப் பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அப்பீட்டு ஆகிக்கலாம். அடுத்த பதிவுல ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதுறேன், அப்ப வாங்க.

எங்க சித்தப்பா அருப்புக்கோட்டையில ஒரு சின்ன டிடிபி கடை வெச்சிருக்கார். ஒரு பொட்டி, ஒரு லேசர் பிரிண்டர், பக்கத்து ரூம்ல ஒரு மினி ஆப்செட். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பொங்கல் திருவிழா நோட்டீஸ், பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். 2003-ல ஆரம்பிச்ச கடை. அன்னிக்கு வாங்கின பேஜ்மேக்கர் 7-ம், அதோட ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருளும்தான் இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது. அந்தத் தமிழ் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. பழைய பிரிண்டர் சொருகுற பேரலல் போர்ட்டில் ஒரு குட்டி டப்பாவைச் சொருகி வெச்சாத்தான் அது வேலை செய்யும்.

பொட்டி 2014-ல வாங்கினது. இன்டெல் நாலாம் தலைமுறை, விண்டோஸ் 7, 32 பிட். ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்தது. சிக்கல் எங்க வந்ததுன்னா, இணையத்துல. குரோம் உலாவி 109-ஆம் பதிப்போட விண்டோஸ் 7-ஐக் கைகழுவிடுச்சு. 2023 பிப்ரவரியில வந்த 110-லேர்ந்து 7-ல போட முடியாது. கொஞ்ச நாள்ல பேங்க் தளம் 'உலாவியைப் புதுப்பிக்கவும்'னு முறைக்க ஆரம்பிச்சது. மாசா மாசம் ஜிஎஸ்டி கணக்கு வேற ஏத்தணும். சரி, புது விண்டோஸ் போட்டுடலாம்னு 2024-ல ஒரு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார் சித்தப்பா.

வந்தவர் பொட்டியைப் பார்த்தார். "அண்ணாச்சி, இதெல்லாம் செத்த சாமான். ஃபார்மட் பண்ணி பத்து போட்டுவிட்டுர்றேன். பறக்கும் பாருங்க." அரை மணி நேரத்துல போட்டுட்டார். காசு வாங்கினார். போயிட்டார். பொட்டி பறந்தது, பொய் சொல்லக் கூடாது. ஜிஎஸ்டி தளம் திறந்தது, பேங்க் திறந்தது. பேஜ்மேக்கரைக்கூட எப்படியோ ஏத்திட்டாங்க. ஆனா தமிழ் மட்டும் வரலை. பூட்டு டப்பாவுக்கு உள்ள டிரைவர் 32 பிட்டுக்கு எழுதினது. அவர் போட்டது 64 பிட்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர் தவறிட்டார். அவர் மகன் வந்து நின்னார், இருபது வருஷ வாடிக்கை. ராத்திரிக்குள்ள கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும். எங்க சித்தப்பா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். தூக்கத்துலகூட அவர் விரல் தமிழ் அடிக்கும். அந்த மனுஷன் பொட்டி முன்னால உக்காந்து, ஒரு எழுத்துகூட அடிக்க முடியாம, "மெயின் ரோட்டுல இருக்கிற கடைக்குப் போய்ப் பாருங்க தம்பி"ன்னு சொல்லி அனுப்பியிருக்கார். இதை அவர் எனக்கு போன்ல சொன்னப்ப குரல் எப்படி இருந்ததுன்னு இங்க எழுதப் போறதில்லை.

என் கோபம் இங்கதான் ஆரம்பிக்குது.

புதுசு வேண்டாம்னு யார் சொன்னது?

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். இல்லைன்னா 'நீ ஒரு பழமைவாதி'ன்னு யாராவது கிளம்பி வருவாங்க. புது விண்டோஸ் கட்டாயம் வேணும். அது இல்லாம ஜிஎஸ்டி கட்ட முடியாது, பேங்க்குக்குப் போக முடியாது. எனக்கு வேணும், உங்களுக்கு வேணும், சித்தப்பாவுக்கும் வேணும்.

என் சண்டை ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான்: 'பதிலா'. பழசுக்குப் பதிலா புதுசுன்னு எல்லாரும் சொல்றாங்க. பழசுக்குப் பக்கத்துல புதுசுன்னு ஏன் யாருமே சொல்றதில்லை? ஒரு பொட்டியில ரெண்டு விண்டோஸ் இருக்கலாம். பொட்டியைப் போட்டதும் 'எதுல போகணும்?'னு கேக்கும். கணக்கு வழக்குன்னா புதுசு, பத்திரிகை அடிக்கணும்னா பழசு. இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கிட்டத்தட்ட இருபது வருஷத்துக்கு முன்னாடியே பசங்க வீட்ல எக்ஸ்பியையும் விஸ்டாவையும் பக்கம் பக்கமா வெச்சுக் குடும்பம் நடத்தியிருக்காங்க. அந்த சர்வீஸ்காரருக்கு இது தெரியாதா? தெரியும். பின்ன ஏன் செய்யலை? ஃபார்மட்டுக்கு அரை மணி நேரம். பக்கத்துல போடுறதுக்கு அரை நாள். அவ்வளவுதான் ரகசியம்.

நான் படிக்கிற பாடம் சொல்றது

நான் பி.காம். கணினித் துறை ஆள் இல்லை. ஆனா இந்த விஷயத்துல எங்க பாடத்துக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு.

வருமான வரிக் கணக்குல கணினிக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40 சதவீதம், குறைந்துசெல் மதிப்பு முறையில. 30,000 ரூபாய்க்கு வாங்கின பொட்டி ஒரு வருஷத்துல 18,000 ஆகும். அப்புறம் 10,800, 6,480, 3,888. அஞ்சாம் வருஷ முடிவுல ஏட்டுல அதோட மதிப்பு கிட்டத்தட்ட 2,333 ரூபாய். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் இன்னும் கறார்: மேசைக் கணினியோட ஆயுசு 3 வருஷம்னு வெச்சிருக்கு.

ஏட்டுல செத்ததெல்லாம் மேசையில செத்துடுச்சா? ஏட்டு மதிப்பு வேற, பயன் மதிப்பு வேறன்னு முதல் வருஷத்துலயே எங்களுக்குச் சொல்லித் தந்துட்டாங்க. சித்தப்பாவோட பொட்டி ஏட்டுல சில நூறு ரூபாய்கூடப் பெறாது. ஆனா அதுக்குள்ள 21 வருஷத்துப் பத்திரிகைகள் இருக்கு. அதை அடிக்கத் தெரிஞ்ச விரல் இருக்கு. அந்த விரலுக்குப் பழகின விசைப்பலகை இருக்கு. 'அம்மா கல்யாணத்துக்கு அடிச்ச அதே டிசைன்ல மகளுக்கும் அடிச்சுக் குடுங்க'ன்னு கேட்டு வர்ற வாடிக்கை இருக்கு. இதுல எதுக்கும் தேய்மானம் கிடையாது. வருஷா வருஷம் மதிப்பு ஏறத்தான் செய்யும். நன்மதிப்புன்னு ஏட்டுல ஒரு வரி எழுதுவோமே, அதுதான் இது. சர்வீஸ்காரர் அழிச்சது 2,333 ரூபாய் சாமானை இல்லை, அந்த ஒரு வரியை.

எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பதில்

இதை வகுப்புல சொன்னப்ப ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க. ஒவ்வொண்ணா பார்த்துடலாம்.

*"மெய்நிகர் இயந்திரம் போட்டுக்கோ. விண்டோஸுக்குள்ளயே இன்னொரு விண்டோஸ் ஓடும்."* நல்ல யோசனை. பல பேருக்கு இதுவே போதும், மறுக்கலை. ஆனா பேரலல் போர்ட்டுல தொங்குற பூட்டை நான் முயன்ற மெய்நிகர் இயந்திரம் கண்டுக்கவே இல்லை. நாலாம் தலைமுறைப் பொட்டியில ரெண்டு விண்டோஸ் ஒரே நேரத்துல ஓடினா, வேலையை விட மூச்சு வாங்குற சத்தம்தான் அதிகம் கேக்குது.

*"பத்துலயே 32 பிட் இருக்கே, அதைப் போட்டிருக்கலாமே?"* உண்மைதான், 10-ல 32 பிட் பதிப்பு இருந்தது. அதையும் போட்டுப் பார்த்தேன். டிரைவர் ஏறின மாதிரி ஏறி, பூட்டு திறக்கலை. 11-ல அந்தப் பேச்சுக்கே இடமில்லை, 64 பிட் மட்டும்தான். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் நிரல் எதுவும் ஓடாது. விஸ்டா காலத்துலேர்ந்தே 64 பிட்டுல கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ள விடறதும் இல்லை. பாதுகாப்புக்காக வெச்ச விதி, அதைக் குத்தம் சொல்லலை. ஆனா 2003-ல டிரைவர் எழுதினவர் இன்னிக்கு வந்து கையெழுத்துப் போடுவாரா?

*"எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்திடு. இந்தக் காலத்துல யாரு பழைய எழுத்துரு வெச்சிருக்கா?"* யாரா? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல போய் எந்த டிடிபி கடைக்குள்ளயாவது எட்டிப் பாருங்க. விண்டோஸ் 2000-லேயே யூனிகோடு தமிழ் வந்துடுச்சு, லதா எழுத்துருவோட. ஆனா பேஜ்மேக்கருக்குக் கடைசி வரைக்கும் யூனிகோடு தெரியாது. அடோபி 2001-ல வெளியிட்ட 7-தான் அதோட கடைசிப் பெரிய பதிப்பு. அதனால ஊர் பூரா ஒவ்வொரு கடையும் தனக்குன்னு ஒரு எழுத்துருக் குறியீட்டுல மாட்டிக்கிச்சு. மாத்தணும்னா முதல்ல திறக்கணுமே? பேஜ்மேக்கர் கோப்பை இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் திறக்கும், அதுக்கு அப்புறம் வந்த பதிப்புகள் திறக்காது. ஆக, மாத்துறதுக்கும் பழசுதான் வேணும். புது வீட்டுக்குச் சாமான் ஏத்தணும்னா பழைய வீட்டுச் சாவி கையில இருக்கணும். சாவியை ஆத்துல வீசிட்டு 'குடி மாறு'ன்னா எப்படி?

*"பழசு ஆபத்து. வைரஸ் வரும்."* இதுதான் இருக்கறதுலயே கனமான வாதம். பாதி உண்மையும்கூட. 2017 மே மாசம் வான்னாகிரை உலகத்தையே உலுக்கினப்ப இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள் வரைக்கும் முடங்கிப் போச்சு. உடனே எல்லாரும் 'எக்ஸ்பியால வந்த வினை'ன்னாங்க. ஆனா மாட்டினதுல பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்ப 7-க்கு ஆதரவு இருந்தது, 2020 ஜனவரி வரைக்கும் இருந்தது. ஓட்டையை அடைக்கிற ஒட்டு ரெண்டு மாசம் முன்னாடி மார்ச்சுலயே வந்தாச்சு. போடாதவங்க மாட்டினாங்க. அப்ப ஆபத்து எங்க இருக்கு? அடைக்காத ஓட்டையோட இணையத்துல உக்காந்திருக்கறதுல இருக்கு. பழைய விண்டோஸுக்கு இனிமே ஒட்டு வராது, சரி. இணையத்தை அதுலேர்ந்து பிடுங்கிட்டா? நான் அதைத்தான் செய்தேன். சித்தப்பாவோட 7-ல நெட்வொர்க் அட்டையையே முடக்கி வெச்சிருக்கேன். அதுல பத்திரிகை மட்டும் அடிக்கலாம். யார் அனுப்பின பென் டிரைவா இருந்தாலும் முதல்ல புதுசுல சோதிச்சுட்டுத்தான் பழசுக்குப் போகும். பேங்க், ஜிஎஸ்டி, மின்னஞ்சல் எல்லாம் புதுசுல. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு இருக்கறதோட லாபமே இதுதான். ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கறவன்தான் அதே பழசுல பேங்க்குக்கும் போவான்.

பெரியவங்களே செஞ்ச வேலைதான்

'பழசைப் பக்கத்துல வெச்சுக்கறது அமெச்சூர் வேலை'ன்னு ஒருத்தர் சிரிச்சார். அவருக்காகக் கொஞ்சம் வரலாறு.

2002 மே மாசம் ஆப்பிளோட ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்து, அதுல மேக் ஓஎஸ் 9-ஐ வெச்சு இரங்கல் உரையே வாசிச்சார். கைதட்டல் பறந்தது. ஆனா அதே நேரத்துல அவங்க வித்த மேக் ஓஎஸ் டென்னுக்குள்ள 'கிளாசிக்'னு ஒரு அறை இருந்தது. அதுக்குள்ள பழைய 9 ஓடிக்கிட்டிருந்தது, பழைய மென்பொருள்களுக்காக. 2007-ல லெப்பர்ட் வர்ற வரைக்கும் அந்த அறையை மூடலை. மேடையில சவ அடக்கம், வீட்டுக்குள்ள பொணத்துக்குச் சாப்பாடு! காரணம் ரொம்ப எளிசு. வாடிக்கைக்காரனோட வேலை அந்த அறைக்குள்ள இருந்தது.

மைக்ரோசாஃப்ட் மட்டும் என்ன? 2007 ஜனவரியில விஸ்டா கடைக்கு வந்தது. ஏப்ரல்லயே டெல் கம்பெனி, வாடிக்கைக்காரங்க கேட்டாங்கன்னு சில பொட்டிகள்ல எக்ஸ்பியைத் திரும்பக் கொடுக்க ஆரம்பிச்சது. எக்ஸ்பி விற்பனையை 2008 ஜனவரியோட நிறுத்தறதா இருந்தாங்க, அதை ஜூனுக்குத் தள்ளினாங்க. 2009-ல விண்டோஸ் 7 வந்தப்ப, அதோட புரஃபஷனல் பதிப்புக்கு 'எக்ஸ்பி மோட்'னு ஒண்ணை இலவசமாவே கொடுத்தாங்க. புதுசுக்குள்ள பழசு, உரிமத்தோட. எதுக்காக? பழைய மென்பொருளை விட முடியாத சின்னக் கம்பெனிகளுக்காக. அதாவது எங்க சித்தப்பா மாதிரி ஆட்களுக்காக. உலகத்துலேயே பெரிய மென்பொருள் கம்பெனிக்கு 2009-ல புரிஞ்சது நம்ம ஊர் சர்வீஸ்காரருக்கு 2024-ல புரியலைன்னா, அது அறிவுக் குறை இல்லை. அக்கறைக் குறை.

செஞ்சு காட்டின கதை

வாய்ச்சொல்லோட நிறுத்தக் கூடாது இல்லையா? அந்த வாரமே ஊருக்குப் போனேன். நல்லவேளையா அவர் சி டிரைவை மட்டும்தான் அழிச்சிருந்தார், கோப்பெல்லாம் டி-யில இருந்தது. முதல் வேலையா டி முழுசையும் வெளி ஹார்டு டிஸ்க்குல நகல் எடுத்தேன். ராத்திரி பூரா ஓடிச்சு. இதைச் செய்யாம யாரும் எதையும் தொடாதீங்க, சொல்லிட்டேன்.

பொட்டியோட பக்கவாட்டுல 7-க்கான ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. அந்தச் சாவி நம்மளோடது. 10-க்குத் தனியா உரிமம் வாங்கினோம். ரெண்டு விண்டோஸ் பக்கத்துல வெச்சா ரெண்டு உரிமம் வேணும், அதுதான் விதி. கிராக் போட்டு நியாயம் பேசுறவங்களோட எனக்குக் கூட்டணி கிடையாது.

இதுல ஒரு பொன்விதி இருக்கு: பழசை முதல்ல போடணும், புதுசை அடுத்து. புதுசுக்குப் பழசைத் தெரியும், பழசுக்குப் புதுசைத் தெரியாது. அப்பாவுக்குப் பிள்ளையோட போன் புரியாத மாதிரிதான். என் விஷயத்துல புதுசு ஏற்கனவே உக்காந்திருந்தது. சரின்னு சி-யைக் கொஞ்சம் சுருக்கி, காலி இடத்துல 7-ஐ ஏத்தினேன். அது போற போக்குல தன்னோட பழைய துவக்க நிரலை எழுதிட்டுப் போயிடுச்சு. 7 வந்தது. 10-ஐத் தேர்ந்தெடுத்தா 'டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை'ன்னு பிழைத்திரை. சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சுவத்தைப் பார்த்தேன்.

மருந்து இதுதான்: 10 இருக்கிற பென் டிரைவுல பொட்டியைக் கிளப்பி, பழுது பார்க்கிற பகுதிக்குள்ள கட்டளைத் திரையைத் திறந்து, பிசிடிபூட்ங்கற கட்டளைக்கு 10-ஓட விண்டோஸ் அடைவைக் காட்டணும். அந்தத் திரையில டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், எதுல 10 இருக்குன்னு பார்த்துட்டுச் செய்யுங்க. புதுத் துவக்க நிரல் வந்து உக்காரும், ரெண்டும் பட்டியல்ல வரும். எனக்கு வந்தது, ராத்திரி ரெண்டு மணிக்கு.

இன்னொரு தடவை செய்யறதா இருந்தா இப்படிச் செய்ய மாட்டேன். பழசுக்குன்னு தனி ஹார்டு டிஸ்க் போட்டுடுவேன். பழசை ஏத்தும்போது புது டிஸ்க்கோட கேபிளைக் கழட்டி வெச்சுடணும். ஒண்ணோட துவக்க நிரலை இன்னொண்ணு தொடவே முடியாது. பொட்டியைப் போடும்போது துவக்கப் பட்டியல்ல எந்த டிஸ்க்குன்னு தேர்ந்தெடுத்துக்கலாம். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பிழைக்கும்.

இன்னும் மூணு எச்சரிக்கை. ஒண்ணு, விண்டோஸ் 8-லேர்ந்து வர்ற வேகத் துவக்கத்தை அணைச்சுடுங்க. அது இருந்தா பொட்டியை நிறுத்தினாலும் புது விண்டோஸ் முழுசா நிக்காது, பாதித் தூக்கத்துல இருக்கும். அந்த நேரத்துல பழசு வந்து அதே டிரைவுல எழுதினா கோப்பு நாசம். ரெண்டு, புது லேப்டாப்ல பிட்லாக்கர் பூட்டு தானாவே போட்டிருக்கலாம். பயாஸைத் தொடறதுக்கு முன்னாடி மீட்புச் சாவியைக் காகிதத்துல எழுதி வெச்சுக்கோங்க. மூணு, இப்ப வர்ற லேப்டாப் பலதுல பழைய பயாஸ் முறையே கிடையாது. அதுல 7-ஐ ஏத்தணும்னு மல்லுக்கட்டாதீங்க, நடக்காது. அதனாலதான் சொல்றேன், ஓடுற பழைய பொட்டியை எடைக்குப் போடாதீங்க.

காலையில சித்தப்பா 7-க்குள்ள போய், பேஜ்மேக்கரைத் திறந்து, ஒரு வரி அடிச்சார். தமிழ் வந்தது. ஒண்ணும் சொல்லலை. எழுந்து போய் ரெண்டு டீ சொல்லிட்டு வந்தார்.

நம்ம கட்சியிலயும் ஆள் சரியில்லை

எதிர்க்கட்சியை மட்டும் திட்டினா நியாயமில்லை. 'எக்ஸ்பிதான் கெத்து, அதுக்கு அப்புறம் வந்ததெல்லாம் குப்பை'ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. 2014 ஏப்ரல்லயே ஆதரவு முடிஞ்ச எக்ஸ்பியில பேங்க் கடவுச்சொல் அடிக்கிற வீரர்கள். அய்யா, உங்களாலதான் எங்களுக்கும் கெட்ட பேர். பழசை வெச்சிருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும். ஒரு குறிப்பிட்ட மென்பொருள், ஒரு குறிப்பிட்ட கருவி, ஒரு குறிப்பிட்ட வேலை. அந்த வேலை முடிஞ்சதும் மூடிட்டு வந்துடணும். பாட்டி வீட்டு உரல் மாதிரி. மாவாட்ட ஆள் இருக்கற வரைக்கும் இருக்கட்டும். அதுக்காகத் தினமும் அதுமேலயே படுத்துத் தூங்குறதா?

சித்தப்பாகிட்டயும் கறாரா சொல்லியிருக்கேன். இது நிரந்தரம் இல்லை. அந்தப் பூட்டு டப்பா ஒருநாள் சாகும். அதுக்குள்ள முக்கியமான டிசைன்களை ஒவ்வொண்ணா யூனிகோடுக்குக் கொண்டு வரணும். ஒவ்வொரு லீவுக்கும் போய் நான் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டிருக்கேன். பழசு பக்கத்துல இருக்கறதால அவசரமில்லாம மாத்த முடியுது. கண்ணீர் அஞ்சலிக்கு வர்றவரைத் திருப்பி அனுப்பாம மாத்த முடியுது. நான் கேக்கறது இந்த அவகாசத்தை மட்டும்தான்.

கடைசியா ஒரு வேடிக்கை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிஞ்சுடுச்சு. பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு ஒட்டு கிடைக்கும்னு ஒரு நீட்டிப்பு, அவ்வளவுதான். 11-க்கு டிபிஎம் 2.0 சில்லு வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். சித்தப்பாவோட நாலாம் தலைமுறைப் பொட்டி வாசல்லயே நிக்கணும்.

அதே சர்வீஸ்காரர் திரும்ப வந்தார். "அண்ணாச்சி, பத்தும் செத்துடுச்சு. பொட்டியையே மாத்திடுங்க. பழசை நானே எடுத்துக்கறேன்."

கவனிச்சீங்களா? 'பறக்கும் பாருங்க'ன்னு ஒரு வருஷம் முன்னாடி அவர் போட்ட அதே பத்து. இன்னிக்குப் புதுசுன்னு எதை நம்ம தலையில கட்டுறாங்களோ, அதுக்கும் ஒரு சாவுத் தேதி குறிச்சாச்சு. அப்படின்னா 'பழசு'ங்கறது பொருளோட குணம் இல்லை, இன்னொருத்தர் குறிக்கிற தேதி. தேதியை அவங்க குறிக்கட்டும், அது அவங்க வியாபாரம். என் கடையில எதை எப்ப அழிக்கணும்ங்கறதை மட்டும் நான் குறிச்சுக்கறேன். அது எங்க வியாபாரம்.

சித்தப்பா இந்தத் தடவை உஷார். "பொட்டி இருக்கட்டும் தம்பி. புதுசு ஒண்ணு வாங்கினா பக்கத்துல வெச்சுக்கறேன்" என்றாராம்.

அதனால மக்களே, குறிப்பா வீட்ல கடை கண்ணி வெச்சிருக்கிற பி.காம் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப உங்க கடைப் பொட்டியைக் கொஞ்சம் பாருங்க. எந்த மென்பொருள் இல்லைன்னா கடை ஒருநாள் நிக்கும்னு அப்பாகிட்ட கேளுங்க. அதோட குறுவட்டு, சாவி, பூட்டு எல்லாம் எங்க இருக்குன்னு எழுதி வையுங்க. கோப்பை நகல் எடுங்க. அப்புறம் யாராவது வந்து ஃபார்மட்டுனு வாயைத் திறந்தா, ஒரு டீ வாங்கிக் குடுத்து, 'பக்கத்துல போட முடியுமா அண்ணே?'ன்னு கேளுங்க. முடியாதுன்னா ஒரு பெரிய கும்பிடு போட்டு அனுப்பிடுங்க.

டிஸ்கி: பரீட்சைக்கு முந்தின ராத்திரி உங்க சொந்த லேப்டாப்ல இதைப் பரிசோதனை செய்து பார்த்துட்டு என்னைத் திட்டக் கூடாது. :-)